கடைசியில் கட்டியது முதலில் அவிழட்டும்



ஆண்டு விழா முடிந்த மறுநாள் காலையில் பந்தல் பிரிப்பதை நின்று பார்த்திருக்கிறீர்களா? பந்தல் எழும்பும்போது வேடிக்கை பார்க்க எல்லாரும் கூடுவோம். பிரிக்கும்போது அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார் இல்லை. குழி தோண்டிச் சவுக்குக் கால்களை நடுவது முதல் வேலை. அதன்மேல் குறுக்கு மூங்கில். மூங்கிலின் மேல் கீற்று. கீற்றுக்கு அடியில் வண்ணத் துணி. துணியை ஒட்டிக் குழல்விளக்குகள். எல்லாவற்றுக்கும் கடைசியாக மைக் செட்டுக்காரர் வந்து ஒயர் இழுத்து மின்சாரம் கொடுப்பார். பிரிக்கும் நாளிலோ அவர்தான் முதல் ஆளாக வரவேண்டும்.

ஒரு வருடம் அவர் வர நேரமாகிவிட்டது. யானைமலைக்கு மேலே வெயில் ஏறிவிட்டது. மேலூர் ரோட்டில் இன்னொரு வீட்டில் வேலை காத்திருக்கிறது என்று பந்தல்காரர்கள் மூங்கிலை அவிழ்க்கத் தொடங்கினார்கள். எரிந்துகொண்டிருந்த குழல்விளக்கு ஒன்று ஒயரோடு கீழே விழுந்து சிதறியது. இரண்டு எட்டுத் தள்ளி எங்கள் வகுப்புத் தோழி நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை, ஆண்டவருக்கு நன்றி. அவிழ்த்த கையும் தவறு செய்யவில்லை, மூங்கிலிலும் குற்றமில்லை. வரிசை மட்டும் பிசகிவிட்டது.

"இதே விபத்து கணினிக்குள்ளும் நடக்கிறது" என்று எங்கள் கணினி ஆசிரியை அன்று சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. பிறகு பல வாரங்கள் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். கணக்கு என்றாலே பயப்படும் தோழியரும் படிக்கலாம். இதில் கணக்கே இல்லை.

கணினிக்குள் இருக்கும் ஒலிச் சில்லு, கேமரா, வலைத் தொடர்பு அட்டை, வட்டு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மொழி உண்டு. அந்த மொழி அறிந்து, இயக்க அமைப்புக்கும் சாதனத்துக்கும் நடுவில் நிற்கும் நிரலைத்தான் டிரைவர் என்கிறோம். தமிழில் இயக்கி எனலாம். 1991-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் தொடங்கிய லினக்ஸை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதன் மூல நிரல் எவரும் படிக்கத் திறந்து கிடக்கிறது என்பது ஒரு காரணம். ஒத்தக்கடைப் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களின் ஆண்ட்ராய்டு தொலைபேசிகளுக்குள் ஓடுவதும் அதன் கெர்னல்தான் என்பது இன்னொரு காரணம். சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய 'பாஸ்' என்ற இந்திய இயக்க அமைப்புக்கும் அதுவே அடித்தளம்.

ஒலிச் சில்லு ஒன்று கண்ணில் பட்டதும் அதன் இயக்கி என்னென்ன செய்கிறது? முதலில் குறிப்புகள் எழுதிவைக்கக் கொஞ்சம் நினைவகம் கேட்டு வாங்குகிறது. பிறகு சில்லின் பதிவகங்களைத் தன் கைக்கு எட்டும்படி இணைத்துக்கொள்கிறது. அதன்பின் சில்லுக்கு மின்சாரமும் கடிகாரத் துடிப்பும் வரவைக்கிறது. துடிப்பு நின்ற சில்லு இதயம் நின்ற உடலைப் போன்றது; கூப்பிட்டால் பதில் வராது. அடுத்து வருவது குறுக்கீட்டுக் கம்பி. சில்லு ஒரு வேலையை முடித்ததும் 'இங்கே பார்' என்று மணி அடிக்க வேண்டும் அல்லவா? அந்த மணிக்கு ஓடிவருபவர் இன்னார் என்று கெர்னலிடம் பெயர் கொடுப்பது இந்தப் படி. கடைசியில்தான் 'ஒலிக்கருவி தயார், யார் வேண்டுமானாலும் வரலாம்' என்ற அறிவிப்பு.

இந்த வரிசையை யாரும் அழகுக்காக வைக்கவில்லை. மணி அடித்ததும் ஓடிவருபவர் பதிவகத்தைப் படிப்பார். அதற்குத் துடிப்பு வேண்டும். படித்ததைக் குறித்து வைப்பார். அதற்கு நினைவகம் வேண்டும். ஒவ்வொரு படியும் தனக்கு முந்தியதன் தோள்மேல் நிற்கிறது. ஆகவே இறங்கும்போது மேலே நிற்பவர்தான் முதலில் இறங்க வேண்டும். அறிவிப்பை விலக்கு, மணியை நிறுத்து, துடிப்பை நிறுத்து, இணைப்பைத் துண்டி, நினைவகத்தைத் திருப்பிக்கொடு.

இந்தத் தலைகீழ் வரிசை நமக்குப் புதிதல்ல. பழைய லத்தீன் வழிபாட்டு முறையில் பீடத்து மெழுகுவர்த்திகளைச் சிலுவைக்கு அருகிலிருந்து வெளிப்புறமாக ஏற்றி, அணைக்கும்போது வெளிப்புறத்திலிருந்து சிலுவையை நோக்கி வருவார்கள். ரேஷன் கடை வரிசையோ இதற்கு நேர்மாறு. அங்கே முதலில் வந்தவர்தான் முதலில் போக வேண்டும். எந்த இடத்தில் எந்த வரிசை என்பதை ஒன்று மற்றொன்றைச் சார்ந்து நிற்கிறதா என்பதே தீர்மானிக்கிறது.

சரி, வரிசை மாறினால் என்ன குடிமுழுகிவிடும்? மணியை நிறுத்தாமல் நினைவகத்தைத் திருப்பிக்கொடுத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். விடுதியில் ஒரு மாணவி அறையைக் காலி செய்துவிட்டாள். அதை வேறொருத்திக்குக் கொடுத்தாயிற்று. ஆனால் பழையவள் சாவியைத் திருப்பித் தரவில்லை. இரவில் வழக்கம்போல் வந்து இருட்டில் கதவைத் திறந்து, ஈரத் துணியைப் புதியவளின் பாடநூல்கள் மேல் போட்டுவிட்டுப் போகிறாள். கெர்னல் அந்த நினைவகத் துண்டை அதற்குள் வேறு வேலைக்குக் கொடுத்திருக்கும். அங்கே வட்டுக்கு எழுதப்படக் காத்திருக்கும் கோப்பு ஒன்றின் பகுதி இருக்கலாம். அதன்மேல் ஒலிச் சில்லின் குறிப்பு விழுகிறது. கணினி உடனே நின்றுவிட்டால் அதிர்ஷ்டம்; நிற்காமல் தவறான எண்ணோடு ஓடிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து. இப்படிக் கைவிட்ட நினைவகத்தைத் தொடும் பிழைகளைத் தேடிப் பிடித்து, அதன் வழியாகப் பிறர் கணினிக்குள் நுழைபவர்களும் இருக்கிறார்கள்.

திருப்பிக் கொடுக்கவே மறந்துவிட்டால்? சாதாரண நிரல் முடியும்போது அது வாங்கிய நினைவகத்தை இயக்க அமைப்பே பிடுங்கிக்கொள்ளும். இயக்கியோ கெர்னலின் உள்ளேயே குடியிருப்பது. அது மறந்ததை எடுத்துக்கொடுக்க மேலே ஒருவரும் இல்லை. கணினியை அணைத்துத் திறக்கும்வரை அந்த இடம் வீண்தான். மருத்துவமனைக் கருவி, வங்கிக் கணினி என்று மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடுபவற்றில் இந்தச் சிறு ஒழுகல் பெரிதாகிவிடும்.

இதுவரை சொன்னது சுலபமான பகுதி. பாதி வழியில் தவறினால் என்ன செய்வது என்பதில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். நினைவகம் கிடைத்தது, இணைப்புக் கிடைத்தது, துடிப்புக் கிடைத்தது, குறுக்கீட்டுக் கம்பி கிடைக்கவில்லை. இப்போது முன்பு வாங்கிய மூன்றையும், மூன்றை மட்டும், பின்னிருந்து முன்னாகத் திருப்ப வேண்டும். இரண்டாம் படியில் தவறினால் ஒன்றை மட்டும் திருப்ப வேண்டும். ஐந்து படிகள் என்றால் இறங்கும் இடங்களும் ஐந்து.

லினக்ஸ்காரர்கள் சி மொழியில் இதற்கு 'கோடூ' என்ற தாவல் கட்டளையைப் பயன்படுத்துகிறார்கள். இதைப் படிக்கும் கணினி ஆசிரியைகள் முகம் சுளிப்பார்கள்; 1968-இல் டைக்ஸ்ட்ரா என்ற டச்சு அறிஞர் அந்தக் கட்டளை தீங்கானது என்று எழுதியதிலிருந்து அதைத் தொடாதே என்றுதான் மாணவருக்குச் சொல்கிறார்கள். ஆனால் இந்த ஓர் இடத்தில் அது நன்றாகவே பொருந்துகிறது. செயல்கூற்றின் அடியில் திருப்பும் வேலைகளை ஏணிப்படிபோலத் தலைகீழாக எழுதிவைத்து, எந்தப் படியில் தவறியதோ அதற்கு நேரான ஏணிப்படிக்குத் தாவினால் போதும். அங்கிருந்து கீழ்வரை தானே இறங்கிவிடும். ஏணிக்குப் பதிலாக ஒரே ஒரு வெளியேறும் வாசல் வைத்து, எல்லாவற்றையும் அங்கே திருப்புவோம் என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது கட்டாத பந்தலை அவிழ்க்கப் போவது போன்றது. வாங்கவே வாங்காததன் உள்ளே கைவிட்டு இயக்கி கவிழ்ந்துவிடும். கெர்னலின் நிரல் எழுதும் முறை பற்றிய ஏட்டிலேயே இந்தத் தவறுக்குத் தனிப் பெயர் கொடுத்து எச்சரித்திருக்கிறார்கள்.

ஏணி நல்லதுதான். ஆனால் நடுவில் ஒரு படியைப் புதிதாகச் சேர்ப்பவர் ஏணியிலும் சரியான இடத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மேலே சேர்த்துவிட்டுக் கீழே மறந்துவிடுவது மனித சுபாவம். வட்டுகளைக் கையாளும் 'லிப்அடா' என்னும் பகுதியைத் திருத்திக்கொண்டிருந்த டெஜுன் ஹியோ என்பவர் இந்தத் தொல்லையால் சலித்துப்போனார். இயக்கி எழுதுகிறவர் சரியான விளக்க ஏடும் இல்லாத சாதனத்தோடு நாள் முழுக்க மல்லாடி, ஒருவழியாக அது ஓடத் தொடங்கியதும், போதும் என்று எழுந்துவிடுகிறார்; தோல்வி வழியை யார் உட்கார்ந்து சோதிக்கிறார்கள் என்று விளக்க ஏட்டில் கேலியாகவே எழுதிவைத்தார். ஏட்டில் இப்படி உண்மை பேசுகிறவர்கள் குறைவு. எங்களுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அவர் செய்த ஏற்பாட்டுக்கு 'டெவ்ரெஸ்' என்று பெயர். 2007 ஏப்ரலில் வந்த 2.6.21 என்ற கெர்னல் பதிப்பில் அது இடம்பெற்றது. ஒவ்வொரு சாதனத்துக்கும் கெர்னல் ஒரு பட்டியல் வைத்துக்கொள்கிறது. 'டெவ்எம்' என்ற முன்னொட்டுக் கொண்ட செயல்கூறுகளால் இயக்கி எதை வாங்கினாலும், வாங்கியதும் அதைத் திருப்பும் முறையும் பட்டியலில் ஏறிவிடும். தொடக்கம் பாதியில் தவறினாலும் சரி, முழுதும் ஓடிச் சாதனத்தை விட்டு இயக்கி விலகினாலும் சரி, கெர்னல் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படித்து ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடும். ஏணி எழுத வேண்டியதில்லை, மறக்கவும் வழியில்லை. ஆயிரக்கணக்கான வரிகள் இயக்கிகளிலிருந்து இதனால் மறைந்தன.

தோல்வி வழி அபூர்வமாக நடக்கும் வழி என்பது அன்றைய நிலை. 2012-இல் வந்த 3.4 பதிப்பில் 'பிறகு வா' என்னும் முறை சேர்ந்தது. தனக்குத் துடிப்புக் கொடுக்க வேண்டிய சாதனம் இன்னும் எழுந்திருக்கவில்லை என்றால், இயக்கி இதுவரை வாங்கியதையெல்லாம் திருப்பிவிட்டு விலகி நிற்கும். கெர்னல் பின்னர் மறுபடி கூப்பிடும். ஆகவே தொலைபேசியைத் திறக்கும்போதே சில இயக்கிகள் இரண்டு மூன்று முறை ஏறி இறங்கிவிடுகின்றன. ஆள் நடமாட்டம் இல்லாத பாதை இப்படித் தினசரிப் பாதையாகிவிட்டது. டெவ்ரெஸ் சரியான காலத்தில் வந்தது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஒரு புதிய பள்ளமும் கூடவே வந்தது. அதை விளங்கிக்கொள்ள எங்களுக்கு இரண்டு வாரம் பிடித்தது.

பட்டியலை எப்போது அவிழ்ப்பார்கள்? இயக்கியின் சொந்த விடைபெறும் செயல்கூறு ஓடி முடிந்த பின்பு. அதாவது இயக்கி தன் கையால் திருப்புவதெல்லாம் முதலில். பட்டியலில் இருப்பதெல்லாம் பிறகு. ஒருவர் துடிப்பைப் பழைய முறையில் கையால் வாங்கி, குறுக்கீட்டு மணியை மட்டும் டெவ்எம் முறையில் பதிந்தார் என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய வரிசை சரிதான்: துடிப்பு முன், மணி பின். விடைபெறும்போது கையால் வாங்கிய துடிப்பு முதலில் நிற்கிறது. மணியோ பட்டியலில் இருப்பதால் இன்னும் உயிரோடிருக்கிறது. ஒரே குறுக்கீட்டுக் கம்பியைப் பல சாதனங்கள் பகிர்ந்துகொள்வதும் உண்டு; பக்கத்துச் சாதனம் மணி அடித்தாலும் நம் ஆளும் ஓடிவருவார். வந்து துடிப்பு நின்றுபோன சில்லின் பதிவகத்தைப் படிப்பார். பல சில்லுகளில் அந்தப் படிப்புக்குப் பதிலே வராது. கணினி அப்படியே உறைந்துவிடும். எங்கள் மைதானத்துப் பந்தல் இதுதான். மைக் செட்டுக்காரர் வருமுன்னே மூங்கில்காரர் அவிழ்த்துவிட்டார்! இரண்டு ஒப்பந்தக்காரர்களும் தங்கள் தங்கள் வேலையைச் சரியாகவே செய்தார்கள்.

இதை வெளிக்கொணரக் கெர்னலில் ஒரு குறும்பான சோதனை வைத்திருக்கிறார்கள். அதை இயக்கிவிட்டால், பகிர்ந்துகொண்ட குறுக்கீட்டை ஓர் இயக்கி திருப்பிக்கொடுக்கும் அந்தக் கணத்தில் கெர்னலே ஒரு பொய் மணி அடித்துப் பார்க்கும். வரிசை பிசகிய இயக்கி அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

தீர்வு, ஒரே முறையைக் கடைப்பிடிப்பதுதான். ஒரு படியைப் பட்டியலில் போட்டால் அதற்குப் பின் வருவது எதையும் போடலாம். கையால் செய்யும் படி ஒன்று வந்துவிட்டால் அதற்கு மேல் வருவதெல்லாம் கையாலேயே. டெவ்எம் வடிவம் இல்லாத படிகளுக்கு 2013-இல் ஒரு வழி பிறந்தது: திருப்பும் செயல்கூற்றை நாமே எழுதிப் பட்டியலில் ஏற்றிவிடலாம். டிமிட்ரி டோரோகோவ் என்பவர் சேர்த்த வசதி அது. விசைப்பலகை, சுட்டி முதலிய உள்ளீட்டுச் சாதனங்களின் பகுதியைப் பராமரிப்பவர் அவர்.

இன்னொரு நுட்பமும் உண்டு. மணி கேட்டு வருபவர் பெரிய வேலையைத் தானே செய்யாமல் 'பிறகு செய்' என்று இன்னொருவரிடம் விட்டுப் போவார். விடைபெறும்போது அந்தப் பின்வேலையை முதலில் ரத்துச் செய்துவிட்டு மணியைப் பிறகு நிறுத்தினால், நடுவில் ஒரு மணி அடித்துப் பின்வேலையை மறுபடி எழுப்பிவிடும். எனவே யார் யாரை எழுப்புகிறார் என்று பார்த்து, எழுப்புகிறவரைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். மணியைத் திருப்பிக்கொடுக்கும் கெர்னல் செயல்கூறு, ஓடிக்கொண்டிருக்கும் கையாளுநர் முடியும்வரை காத்திருந்துதான் திரும்பும். அது ஒரு நிம்மதி.

வரிசை சரியாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்று 2022-இல் டப்ளின் நகரில் நடந்த லினக்ஸ் பிளம்பர்ஸ் மாநாட்டில் லோரான் பின்ஷார் வாதிட்டார். கணினியோடு செருகும் வெப்கேமராக்களின் லினக்ஸ் இயக்கியை எழுதியவர் அவர்; அனுபவம் பேசிற்று. ஒரு மாணவி கேமராவைத் திறந்து படம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். யாரோ கேமராவின் கம்பியைப் பிடுங்கிவிடுகிறார்கள். சாதனம் போய்விட்டது, பட்டியல் அவிழ்கிறது, டெவ்எம் முறையில் வாங்கிய நினைவகமும் போய்விட்டது. ஆனால் அவளுடைய நிரல் இன்னும் கேமராவைத் திறந்தே வைத்திருக்கிறது. அவள் அதை மூடும்போது இயக்கியின் மூடும் செயல்கூறு இல்லாத நினைவகத்துக்குள் கைவிடுகிறது. இங்கே வரிசையில் பிழையில்லை. நினைவகத்தின் ஆயுளைச் சாதனத்தின் ஆயுளோடு முடிச்சுப் போட்டதுதான் பிழை. கடைசியாகப் பயன்படுத்துபவர் கைவிடும்வரை அது இருந்தாக வேண்டும். அதற்கு எண்ணிக்கை வைப்பார்கள்: திறக்கும் ஒவ்வொருவருக்கும் ஒன்று கூட்டு, மூடும் ஒவ்வொருவருக்கும் ஒன்று கழி, சுழியம் வந்தால் நினைவகத்தை விடு. விடுதிக் காவலர் எல்லாப் பிள்ளைகளும் வெளியேறினார்களா என்று எண்ணிப் பார்த்துப் பூட்டுவதுபோல.

சாதனத்துக்கும் சாதனத்துக்கும் நடுவிலும் இதே பாடம் உண்டு. துடிப்புக் கொடுக்கும் சில்லு, வாங்கும் சில்லுக்கு முன்னால் படுத்துவிடக் கூடாது. யார் கொடுப்பவர், யார் கொள்பவர் என்ற உறவைக் கெர்னலிடம் சொல்லிவைக்கும் வசதி 2017-இல் வந்த 4.10 பதிப்பில் சேர்ந்தது. மடிக்கணினியின் மூடியைச் சாத்தும்போது கொள்பவர் முதலில் உறங்க, கொடுப்பவர் பின்னர் உறங்குகிறார்.

2023-இல் வந்த 6.5 பதிப்பில், ஒரு செயல்கூறு முடிந்ததும் அதன் உள்ளே வாங்கியவை பின்னிருந்து முன்னாகத் தாமே திரும்பும் வசதி கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டின் இறுதியில் ரஸ்ட் என்ற மொழிக்கும் கெர்னலின் கதவு திறந்தது. அந்த மொழியில் இந்தப் பழக்கம் பிறவியிலேயே உண்டு. அங்கும் கண் திறந்தே இருக்க வேண்டும்: தனித்தனி மாறிகள் தலைகீழ் வரிசையில் விடைபெறுகின்றன, ஒரு கட்டமைப்பின் உறுப்புகளோ எழுதிய வரிசையிலேயே விடைபெறுகின்றன. இதைக் கேட்டபோது எங்களில் ஒருத்தி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

இவ்வளவையும் எழுதியபின் கேமரா விஷயத்தை மட்டுமாவது கண்ணால் பார்த்துவிட ஆசைப்பட்டோம். கணினி அறையில் லினக்ஸ் உள்ள ஒரு கணினியில் வெப்கேமராவைச் செருகி, அதில் யானைமலை தெரியும்படி ஜன்னல் பக்கம் திருப்பிவைத்தோம். வேறு எவருடைய கோப்பும் அந்தக் கணினியில் இல்லை என்று ஆசிரியை உறுதி செய்துகொண்டார். மலை திரையில் தெரிந்துகொண்டிருக்கும்போதே ஒருத்தி கம்பியைப் பிடுங்கினாள். படம் அப்படியே நின்றது. அப்படி ஒரு சாதனம் இல்லை என்று ஒரு வரிச் செய்தி வந்தது. நிரலை மூடினோம், மூடிற்று. மறுபடி செருகினோம், மலை திரும்ப வந்தது. மணி அடிக்கும்வரை இருபது முறை பிடுங்கிச் செருகினோம். கணினி ஒரு முறைகூட நிற்கவில்லை.